பேகம்பூருக்குப் பறந்து வந்த கடலைக் காடு

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம். திண்டுக்கல் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த விவசாயி பக்கத்தில் இருந்த பேகம்பூர் தோல் வியாபாரியிடம் சொன்னார்:

"எங்க கடலைக் காடு காத்துல ஏறி உங்க ஊருக்கு வந்துருச்சு பாய்."

"வந்துச்சு, வந்துச்சு! வானமே செவந்து கெடந்துச்சு. காயப்போட்ட ஈரத்தோல் பூராம் செம்மண்ணு. அம்புட்டையும் மறுபடி அலசுனோம்."

"மழை வரும்னு உழுது வெதைச்சேன். காத்துதான் வந்துச்சு. வெதையோட மேல்மண்ணை வாரிட்டுப் போயிருச்சு."

"காத்தை மறிக்க வேலி இல்லையாண்ணே?"

"கிளுவை வேலி இருந்துச்சு. ரெண்டு சால் கூட உழுகலாம்னு நாந்தான் வெட்டுனேன். வெட்டாதன்னு வீட்டுக்காரி தலைபாடா அடிச்சுக்கிட்டா. இப்ப மூணு நாளா என்கிட்ட பேச்சே இல்லை."

வியாபாரி சிரித்துவிட்டார்.

"எங்க கொல்லையில கிளுவை நெறைய நிக்கிது. கம்பு வெட்டித் தாரேன், கொண்டுபோய் ஊனுங்க. ஒரு மழைக்குத் துளுத்துரும்."



"ஊனுனா பேசுவாளா பாய்?"

"மொதல்ல ஏசுவா. அப்புறம் பேசுவா."