வைஃபைக்கு லீவு

ஆயுத பூஜை முடிந்த வாரம், நாகலூரிலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். அவர் பக்கத்தில், மடியில் சௌசௌ மூட்டையோடு ஓர் அம்மாள்.

"வைஃபைக்கு லீவு உட்டதுக்கு ஓனர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேனுங்கக்கா" என்றார் ரைட்டர்.

காற்றுச் சத்தத்தில் பேச்சு கேட்காமல் போய்விடுமென்று ஜன்னலை மூடிவிட்டேன்.

"அதுக்கு எதுக்குங்க லீவு?"

"கவாத்துக் கத்தி, மருந்தடிக்கற மெசினு எல்லாத்தையும் பூசையில வெச்சேன். ஆபீஸ் வைஃபை பொட்டியும் நமக்கு வேலை செய்யறதுதானுங்களே? கழட்டிச் சந்தனம், குங்குமம் வெச்சுட்டேன். பூசையில வெச்சதை அன்னைக்கே எடுத்துப் பொழங்கலாமுங்களா?"

"அதெப்படிங்க எடுக்கறது!"

"எஸ்டேட்டுல வாடகைக்கு உடற காட்டேஜ் புக்கிங், கேமரா எல்லாம் நின்னு போச்சு. வேலையை உட்டுப் போயிருன்னாரு ஓனரு."

"அய்யோ! அப்புறம்?"

"மறுநாள் மாட்டுனா, மாசக்கணக்கா திணறிக்கிட்டிருந்தது நொம்ப வேகமா ஓடுதுங்க. இனிமே ஞாயித்துக்கிழமையானா அதுக்கு லீவு குடுத்துருன்னுட்டாரு."

"அப்ப உங்களுக்கும் லீவுதானுங்களே?"

"எனக்கு ஏதுங்கக்கா லீவு? அதைக் கழட்டி மாட்டறதுக்கு ஆள் வேணுமில்லீங்க?"