காட்டாத கால்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் சார். அந்த எருமைமேல் எந்தத் தப்பும் இல்லை.

நேற்று மாலை கல்யாணி அக்கா வீட்டுக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன். இடது கொம்பு பாதியில் முறிந்திருக்கிறது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவிக் கட்டியிருக்கிறார்கள். போட்டதைத் தின்கிறது, தின்றதை அசைபோடுகிறது. எருமைகளிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். யாரைப் பற்றியும் அவை அபிப்பிராயம் வைத்துக்கொள்வதில்லை.

மாட்டைச் சாலையில் அவிழ்த்துவிட்டார் என்று அக்காமேல் வழக்குப் போட்டிருக்கிறீர்களாம். உங்கள் கான்ஸ்டபிள் காகிதம் கொண்டுவந்தபோது நான் அங்கேதான் இருந்தேன்.

"என் எருமைங்க பால் கறந்ததும் நேரா குளத்துக்குத்தான் போவும். ரோட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காது" என்றார் அக்கா.

"எருமை எங்க போவும்னு உங்கிட்ட சொல்லிட்டா போவுது?"

"உன் ஜீப்பு மட்டும் உங்கிட்ட சொல்லிட்டா மாராயா நடு ரோட்டுல நிக்குது?"

கான்ஸ்டபிளோ கலெக்டரோ, அக்காவுக்கு எல்லாரும் 'மாராயா'தான். கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். ஆனாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போனார். நான் நியாயமாக யோசிக்கிறவன். தீர்த்தஹள்ளியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், சுக்ருத் நியாயமானவன் என்றுதான் சொல்வார்கள். ஒருத்தர் செய்யாததற்கு அவர் கோர்ட் படி ஏறக் கூடாது. அதனால்தான் வந்தேன்.

நீங்கள் வண்டி ஓட்டுகிறவர்தான், ஆனால் கூட்டமாக ஓட்டியிருக்க மாட்டீர்கள். எங்கள் மலைநாட்டுச் சாலைகளில் வரிசையாகப் போகும்போது பின்னால் வருகிறவனுக்குப் பாதை தெரியாது. முன்னால் போகிறவனின் முதுகும் ஒரு சிவப்பு விளக்கும்தான் தெரியும். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினால் கத்தியவனுக்கே கேட்காது. அதனால் எங்களுக்குக் கால்தான் வாய். இடப்பக்கம் மாடோ நாயோ இருந்தால் முன்னால் போகிறவன் இடது காலை வெளியே நீட்டுவான். வலப்பக்கம் என்றால் வலது கால். அதைப் பார்த்ததும் பின்னால் வருகிறவனும் தன் காலை நீட்டுவான். அப்படியே கடைசி வண்டிவரை போகும். புதிதாகச் சேருகிறவனுக்கு நாங்கள் முதலில் சொல்லித்தருவது கியரை அல்ல, இதைத்தான். "முன்னாடி போறவன் கால்தான் உன் கண்ணு."

உங்கள் ரைட்டர் சட்டப் புத்தகத்தைப் புரட்டுகிறார். காலைத் தூக்காதது குற்றம் என்று அதில் இருக்காது. இருந்தாலும் நாய்க்கான பிரிவில்தான் இருக்கும்.

பிரீதமும் நானும் கல்லூரி முதல் வருடத்திலிருந்தே ஜோடி. ஒரு நாள் அவன் முன்னால், மறுநாள் நான். ஆகும்பே ஏற்றத்தில் பனி இறங்கி, கை நீட்டினால் கை தெரியாத காலைகளில் அவன் காலைப் பார்த்தே முழு மலையும் ஏறியிருக்கிறேன். என் அம்மாவைக்கூட நான் அவ்வளவு நம்பியதில்லை. அம்மா கடுபுக் கொழுக்கட்டையில் தேங்காயைக் குறைத்துவிட்டு நிறையப் போட்டதாகச் சொல்லுவாள்.

ஆனி மாதத்தில் மூடிகெரெயில் சேற்றில் பைக் பந்தயம் நடக்கும். கல்லூரிக்கு ஒருவர்தான் போகலாம். எங்கள் கல்லூரியில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். புது ஜாக்கெட் வாங்கினேன், சிவப்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு கொப்பா வரை போய்வரக் கிளம்பினோம். பிரீதம் முன்னால், நான் நடுவில், என் பின்னால் எங்கள் வகுப்பு நிஷ்மிதா. பஸ் நிறுத்தம் ஒன்றைத் தாண்டும்போது இடப்பக்கத்திலிருந்து ஒரு நாய் வந்தது. பிரீதம் தாண்டிவிட்டான். நான் தாண்டவில்லை. நாய் எழுந்து போய்விட்டது. எனக்குக் காறை எலும்பு முறிந்தது.

வார்டில் அவன் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். கையில் பன்ஸ் பொட்டலம். எனக்கு வாங்கிவந்ததில் இரண்டை அவனே தின்றிருந்தான்.

"ஏன்டா கால் காட்டலை?" என்று கேட்டேன்.

"காட்டினேனே மாராயா. நீ பாக்கலையா?"

நான் அவனையே பார்த்தேன். அவன் பொட்டலத்தை மடித்து மடித்துப் பிரித்தான்.

"சரி விடு. காட்டலைன்னே வெச்சுக்கோ. என் தப்புதான். இப்ப வலி எப்படி இருக்கு?"

இதை நீங்கள் கவனிக்க வேண்டும் சார். அவன் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். நான் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. உங்கள் ஸ்டேஷனில்கூட யாரும் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

என் இடத்தில் மூடிகெரெக்கு யார் போனது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னானாம். மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பற்றி நான் என்ன சொல்வது. மூன்றாவதாக வந்தான். கோப்பையை நேராக எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து டிவி மேல் வைத்தான்.

"இது உன்னோடதுடா. நான் சும்மா தூக்கிட்டு வந்தேன், கூலிக்காரன்."

"கூலிக்காரனுக்குச் சோறு போடாம அனுப்பக் கூடாது" என்று அம்மா அவனுக்குக் கடுபு வைத்தாள். தேங்காய் நிறையவே இருந்தது. அவன் போன பிறகு, "தங்கமான பையன்" என்றாள். எனக்கு வலது கை தூக்க வராத காலம் அது. கோப்பையை எடுத்து வெளியே எறியக்கூட முடியவில்லை. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே செய்தி கேட்டேன்.

தோள் சரியானதும் மறுபடி ஜோடியாகவே ஓட்டினோம். ஊரில் எல்லாரும் பாராட்டினார்கள். "மனசுல வெச்சுக்காத பையன்" என்றார்கள். நான் எதிலும் அவசரப்படுகிறவன் அல்ல.

அன்று காலை நான் முன்னால். நல்ல பனி. கிளம்பும்போது அவன் வழக்கம்போல என் ஹெல்மெட்டில் தட்டினான்.

"மெதுவா போ மாராயா. எனக்கு உன் முதுகைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது."

"அது போதும், வா" என்றேன்.

கல்யாணி அக்கா வீட்டைத் தாண்டி ஜோடிமர வளைவு வருகிறது அல்லவா, அங்கே சாலையின் இடது பாதியில் எருமைகள் நின்றன. கறுப்புத் தாரில் கறுப்பு எருமை. மழையில் நனைந்து இரண்டும் ஒரே பளபளப்பாக இருந்தன. நான் வளைவுக்கு முன்பே கியரை இறக்கி வேகத்தைக் குறைத்திருந்தேன். பிரேக்கைத் தொடவில்லை. தொட்டால் பின்னால் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரியும். கடைசி எருமைக்கு மிக அருகில் போகும்வரை நேராகவே போனேன். என் முதுகு அதை மறைத்துக்கொண்டிருந்தது. பிறகு வலப்பக்கம் ஒடித்துப் போய்விட்டேன். கால்கள் இரண்டும் மிதியில்தான் இருந்தன. அழுத்திவைத்திருந்தேன். இத்தனை வருடப் பழக்கத்தில் இடது கால் தானாகவே நீளப் பார்த்தது.

சத்தம் கேட்டதும் நின்றேன். திரும்பி ஓடினேன். ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன். அவன் கழுத்தை அசைக்க விடாமல் பிடித்துக்கொண்டதும் நான்தான். முதலுதவி வகுப்பில் எனக்கு நல்ல மதிப்பெண். மணிப்பால் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் அவன் கால்களைப் பற்றி நம்பிக்கையோடுதான் பேசுகிறார்கள். பேசும்போது கால்களை மட்டும் பார்ப்பதில்லை. நேற்று ஒருவர் அவன் பாதத்தில் ஊசியால் குத்திவிட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். அவன் கூரையைப் பார்த்தபடி, "குத்துங்க சார், சொல்றேன்" என்றான்.

விஷயம் இத்தோடு முடிந்திருந்தால் நான் வந்திருக்க மாட்டேனோ என்னவோ. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் அவனிடம் வாக்குமூலம் வாங்கினீர்கள். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

"முன்னாடி போனவன் எதுவும் காட்டலையா?" என்று கேட்டீர்கள்.

"சுக்ருத்தா? காட்டியிருப்பான் சார். அவன் காட்டாம இருக்கவே மாட்டான். நான்தான் பாத்திருக்க மாட்டேன். பனி வேற."

"நல்லா யோசிச்சு சொல்லு."

"யோசிக்க என்ன இருக்கு? நான் அவன் காலைப் பாத்தே வண்டி ஓட்டுறவன் சார். பாக்காதது என் தப்பு. எழுதிக்கங்க."

நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்து, "சாப்பிட்டியாடா?" என்றான்.

அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அழுகையால் என்று அம்மா நினைத்தாள். முதலில் என் பந்தயத்தை எடுத்துக்கொண்டான். இப்போது நான் செய்ததையும் எடுத்துத் தன் தப்பாக்கிக்கொண்டான். இது ஒருவிதத் திருட்டு. அவன் பாட்டுக்கு மன்னித்துவிட்டுப் படுத்துக்கொள்வான், நான் பக்கத்தில் நின்று ஆரஞ்சு உரிக்க வேண்டுமா? அவனுக்குத் தெரிய வேண்டும் சார். நான் காட்டவில்லை. காட்ட மறக்கவும் இல்லை. அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ரைட்டர் என்னைத் திருத்தப் பார்க்கிறார். எருமைகள் தற்செயலாக அங்கே நின்றன, கண நேர ஆத்திரத்தில் நான் காலை நீட்டவில்லை, அப்படித்தானே என்கிறார். நல்ல மனிதர். ஆனால் எனக்கு ஆத்திரமே வருவதில்லை. கல்யாணி அக்கா சொல்வதும் பொய்யில்லை. அவருடைய எருமைகள் குளத்துக்குத்தான் போகும். அவற்றை ஜோடிமர வளைவுக்குப் பழக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. எருமைக்குக் கல்லுப்பு என்றால் உயிர். தினமும் விடிந்ததும் வளைவின் இடது பாதியில் மட்டும் தூவிவிட்டு வருவேன். மழைத் தூறலில் உப்பு கரைந்து தாரில் படியும். கறந்து முடித்து அவிழ்த்துவிட்டதும் அவை நேராக வந்து சாலையை நக்க ஆரம்பிக்கும். நக்கும்போது லாரி ஹாரன் அடித்தாலும் தலை நிமிராது. வலது பாதியில் ஒரு மணி உப்பும் விழாமல் பார்த்துக்கொண்டேன். எனக்கு வழி வேண்டுமே. ஒரே கடையில் வாங்கவும் இல்லை.

கடைசிப் பை வாங்கியபோதுதான் நிஷ்மிதா எதிரே வந்தாள். விபத்துக்கு முந்தின நாள் மாலை.

"என்னடா, கடலையே வாங்கிட்ட? உப்புச் சுளை போடப்போறியா?"

"ஆமா. அம்மா பலாக்காய் வாங்கி வெச்சிருக்கா."

"எனக்கும் ஒரு ஜாடி குடு." பிறகு கொஞ்சம் தயங்கினாள். "டேய், ஒண்ணு சொல்லணும். நீங்க ரெண்டு பேரும் பழையபடி சேர்ந்து சுத்துறதப் பாத்தா மனசு கேக்கல. அன்னிக்கு நாய் வந்தப்போ நான் உன் பின்னாடிதானே வந்தேன்? பிரீதம் கால் காட்டினான்டா. நல்லா நீட்டியே காட்டினான். நான்கூட எட்ட இருந்தே பாத்துட்டு வேகத்தைக் குறைச்சேன். நீதான் கண்ணாடியைத் திருப்பி வெச்சு உன் ஜாக்கெட்டைப் பாத்துக்கிட்டு இருந்த."

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"அவன்தான் வேணாம்னான். விழுந்து கிடக்கிறவன்கிட்டப் போய் உன் தப்புதான்னு சொல்லாத, பாவம், பந்தயமும் போச்சு, பழி என்மேலயே இருந்துட்டுப் போகட்டும்னான். நான் சொன்னேன்னு அவன்கிட்டச் சொல்லிடாதே."

சொல்லவில்லை. வாக்கைக் காப்பாற்றுகிறவன் நான்.

அவள் போன பிறகு கடை வாசலிலேயே நின்று நெடுநேரம் யோசித்தேன். கோபமில்லாமல், இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்த்துத்தான் யோசித்தேன். அவன் கால் காட்டியிருக்கிறான். சரி. ஆனால் அதை என்னிடம் மறைத்திருக்கிறான். தினமும் என் பின்னால் வந்துகொண்டே, என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே மறைத்திருக்கிறான். இவ்வளவு நாள் இவ்வளவு பெரிய விஷயத்தை மறைக்கத் தெரிந்தவன் எப்படிப்பட்டவனாக இருப்பான்? துரோகத்துக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா, நீங்களே சொல்லுங்கள் சார். அதுவரை எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. அதற்குப் பிறகு இல்லை. மறுநாள் விடிந்ததும் அந்தப் பையை டேங்க் மேல் வைத்துக்கொண்டு வளைவுக்குப் போனேன்.