மூன்று நாள் தூக்கம்

— மூணு நாள் சிஸ்டர்! திங்கக்கிழமை காலைல கண்ணை மூடினவன் வியாழக்கிழமைதான் திறந்தேன். நடுவுல புரண்டுகூடப் படுக்கல. முழிச்சுப் பாத்தா தாடி ஒரு சாண் வளந்திருக்கு! முப்பத்திநாலு வருஷம் கிடங்கு வாசல்ல கொட்டக்கொட்ட முழிச்சிருந்த வாட்ச்மேன், சேத்து வச்ச தூக்கத்தை எல்லாம் ஒரே மூச்சுல தூங்கித் தீத்துட்டேன்.

— அப்பா, சிஸ்டர் உங்க பேரைத்தான் கேட்டாங்க.

— வாசல்லயே கேட்டாங்க, சொன்னேன். நாற்காலில உக்காந்ததும் கேட்டாங்க, சொன்னேன். இது மூணாவது தடவை. பாப்பா, மறதி எனக்கா, இவங்களுக்கா? அந்த டாக்டர்கிட்ட இவங்களையும் ஒரு நடை காட்டிட்டு வந்துடு.

— பழக்கம்ங்கய்யா. பேரைக் கேட்டு, அட்டையோட ஒத்துப் பாத்துட்டுத்தான் எதையும் தொடுவேன். கையை நீட்டுங்க, பிரஷர் பாத்துடலாம்.

— இந்தக் கதையைத்தான் சிஸ்டர் எட்டு மாசமா சொல்றார். பால்காரர், கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர், ராங் நம்பர் போட்ட ஆளு, ஒருத்தரையும் விடல. முதல்ல சிரிச்சேன். இப்போ பயமா இருக்கு. அம்மா போனதுல இருந்து தனியா இருக்கார். நீங்க இந்த ஞாபக டெஸ்ட் எடுத்து எழுதிக் குடுத்தா டாக்டர் ஒரு முடிவு சொல்லிடுவார். வீட்டைப் பூட்டிட்டு என்கூடவே கூட்டிட்டுப் போயிடுவேன்.

— இவ வீட்டு ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டு ஏசியோட முதுகுதான் தெரியும் சிஸ்டர். ஒரு காலத்துல இருபத்தாறு பூட்டுக்குச் சாவி என் இடுப்புல. இப்போ ஒண்ணே ஒண்ணு. அதையும் பிடுங்கப் பாக்கறா.

— பிடுங்கறேனா? அடுப்பை மூட்டிட்டுத் தூங்கிட்டீங்கன்னா யாருப்பா பதில் சொல்றது?

— நானா? தூங்கறதா? இலை விழுந்தா எழுந்துக்கறவன்டி நான்!

— அப்போ மூணு நாள் எப்படித் தூங்கினீங்க? கேட்டீங்களா சிஸ்டர்? அவர் வாயாலயே மாட்டிக்கறார்.

— ஐயா, இங்க பாருங்க. மூணு வார்த்தை சொல்றேன், கடைசில திருப்பிக் கேப்பேன். குடை. சாவி. எலுமிச்சம்பழம்.

— சாவியை வேணும்னுதானே போட்டீங்க?

— அச்சடிச்ச தாள்லயே அப்படித்தான் இருக்குங்கய்யா. நூறுல இருந்து ஏழேழா குறைச்சுக்கிட்டே வாங்க.

— தொண்ணூத்திமூணு, எண்பத்தாறு, எழுபத்தொம்பது, எழுபத்திரெண்டு, அறுபத்தஞ்சு. இன்னும் போகட்டா? எங்க கிடங்குல எலி எத்தனைன்னு எண்ணச் சொன்னாங்க ஒரு தடவை. பேர் சொல்லிக் கூப்பிட்டா வரிசைல வந்து நிக்கும்...

— அப்பா!

— சரி, விடு. ஆமா, இந்தப் பட்டையை எதுக்கு சிஸ்டர் கழட்டிக் கழட்டிக் கட்டறீங்க? பிரஷர் எனக்குப் பாக்கறீங்களா, உங்களுக்கா?

— முதல் நாள்ங்கய்யா.

— இந்த க்ளினிக்லயா?

— வேலைக்கே இன்னைக்குத்தான் முதல் நாள். படிப்பு முடிச்சு ரெண்டு வருஷம் ஆகப்போகுது. வெள்ளை டிரஸ் போட்டு, பட்டம் வாங்கி, போட்டோ எல்லாம் எடுத்தாச்சு. ஆனா அதோட நர்ஸ் ஆயிட முடியாது. ஒரு வருஷம் பெரிய ஆஸ்பத்திரில பயிற்சி. அப்புறம் லைசென்ஸ் பரீட்சை. பதிவு நம்பர் போன வியாழக்கிழமைதான் கைக்கு வந்துச்சு.

— பரீட்சை ஒரே அடில பாஸா?

— இல்லைங்கய்யா. ரெண்டாவது தடவை.

— ஏன், ஊர் சுத்தினீங்களா?

— படிச்சேன். ராத்திரி பகலா படிச்சேன். முதல் கேள்வியே, நோயாளிக்கு மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்னு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற பதில். கை போகல. பேப்பரை மூடி வச்சுட்டு எழுந்து வந்துட்டேன்.

— அப்படி என்ன பதில் அது?

— பேரைக் கேக்கணும்.

— அவ்வளவுதானா! அதான் எல்லாத்துக்கும் சேத்து என்னையே மூணு தடவை கேட்டுட்டீங்களா? அது என்ன டப்பா, புத்தம்புதுசா?

— சீலுங்கய்யா. என் நம்பர் போட்டது. பயிற்சில இருக்கும்போது நாங்க என்ன எழுதினாலும் பக்கத்துல பெரிய சிஸ்டர் கையெழுத்துப் போடணும். இனிமே நான் எழுதறதுக்கு நானே பொறுப்பு.

— முதல் சீல் என் பேப்பர்லயா! பாப்பா, போனை எடு, ஒரு போட்டோ பிடி. சிஸ்டர், நேரா குத்துங்க, கோணலா விழுந்தா ரிட்டயர் ஆகற வரைக்கும் கோணலாவே விழும்.

— விளையாட்டை விடுங்கப்பா. சிஸ்டர், நீங்களே சொல்லுங்க. ஆஸ்பத்திரில ஒருத்தர் மூணு நாள் அசையாம தூங்கினா விட்டுடுவாங்களா?

— அது... அப்படியெல்லாம் நடக்காதுக்கா.

— பாத்தீங்களாப்பா? நர்ஸே சொல்றாங்க.

— நர்ஸ் அங்க இருந்தாங்களா? நான் இருந்தேன். பெரிய ஆஸ்பத்திரில குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகி ரெண்டாம் நாள் சிஸ்டர். என்னைப் பன்னெண்டாம் நம்பர் கட்டில்ல போட்டிருந்தாங்க, கக்கூஸ் கதவை ஒட்டி. பதினொண்ணு ஜன்னலோரம். அங்க படுத்திருந்தவர் ஒரு டெய்லர். அவருக்கு வெளிச்சம் ஆகாது, எனக்கு வாசல் தெரியலன்னா ஆகாது. காலைல விடிஞ்சும் விடியாததுமா யாருக்கும் தெரியாம கட்டிலை மாத்திக்கிட்டோம்.

— மாத்திக்கிட்டீங்களா?

— ஆமா. ஏன் சிஸ்டர் எழுந்துட்டீங்க?

— நீங்க பதினொண்ணுல... நீங்களாவே போய்ப் படுத்தீங்களா?

— தலகாணியோட. டெய்லருக்கு அன்னைக்கு ஸ்கேன் வேற. அந்தக் குகை மாதிரி மிஷினுக்குள்ள போகவே அவருக்கு நடுக்கம். அப்புறம் அவரே சொன்னார், உள்ள போய்க் கத்தின கத்துல மிஷினே நின்னு போச்சாம்! எனக்கு அது ஒண்ணும் தெரியாது. காலை மாத்திரையைப் போட்டேன், சாஞ்சேன். அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, ஒரு குரல் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

— இப்போ ஆரம்பிக்கறார் பாருங்க.

— காதோரமா ஒரு பொண்ணு எண்ணிக்கிட்டே இருந்துச்சு சிஸ்டர். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. பதினொண்ணு, பன்னெண்டு வரைக்கும் போகும். மறுபடி ஒண்ணுல இருந்து. நடுநடுவுல “ஐயா, மூச்சை விடுங்கய்யா, மூச்சை விடுங்க”ன்னு கெஞ்சும். ஒரு தடவை எட்டோட நின்னு போச்சு. அழுதுச்சு. என் கைமேல சொட்டுச் சொட்டா விழுந்துச்சு. வானத்துல இருந்து எனக்குன்னு அனுப்பின டூட்டி நர்ஸ்!

— குரல் கேக்குது, கண்ணீர் விழுதுன்னா நான் எப்படி சிஸ்டர் இவரைத் தனியா விடறது?

— அன்னைக்கு நீ வந்திருந்தா நீயும் கேட்டிருப்ப.

— வரல. ஆமா, வரலதான். எத்தனை தடவை சொல்லிக் காட்டுவீங்க? ஆபீஸ்ல இன்ஸ்பெக்‌ஷன். லீவு கேட்டு நின்னேன், குடுக்கல. வார்டுக்கு நாலு தடவை போன் பண்ணினேன். “நல்லா ரெஸ்ட் எடுக்கறார், நீங்க நிம்மதியா இருங்க”ன்னு சொன்னாங்க. நம்பினேன். மறுநாள் ஓடி வந்து பாத்தா, கட்டில்ல உக்காந்து டெய்லரோட அரட்டை அடிச்சுக்கிட்டு இருக்கீங்க. இதுல எங்கப்பா மூணு நாள்? நான் வராத ஒரு நாளை மூணு நாளா ஆக்கி, ஊர் பூரா தமுக்கு அடிக்கறீங்க.

— உன்னைக் குத்திக் காட்டவா சொல்றேன்? அடி அசடு.

— ஒவ்வொரு தடவை நீங்க சொல்லும்போதும் எனக்கு அப்படித்தான் கேக்குது.

— ஐயா, அந்த மூணு வார்த்தை ஞாபகம் இருக்கா?

— குடை, சாவி, எலுமிச்சம்பழம். பழத்தைப் பிழிஞ்சாச்சு, குடையை மறந்து பஸ்ல விட்டாச்சு, சாவி மட்டும் என்கிட்ட.

— எல்லாம் சரி. முப்பதுக்கு இருபத்தொம்பது. தேதி ஒண்ணுதான் தப்பு.

— ரிட்டயர் ஆனவனுக்கு எதுக்கு சிஸ்டர் தேதி?

— கடைசியா ஒரு கட்டம் பாக்கி இருக்கு. “நடக்காத ஒன்றை நடந்ததாக உறுதியாகச் சொல்கிறாரா?” ஆம், இல்லைன்னு டிக் பண்ணணும்.

— ஆம்னு போடுங்க சிஸ்டர். நீங்களே கேட்டீங்களே. டாக்டர் முதல்ல பாக்கறது அந்தக் கட்டத்தைத்தான்னு சொன்னார்.

— வேற ஒரு ஸ்டாஃப் இருக்காங்க. அவங்களைக் கூப்பிடட்டா? அவங்க போட்டா நல்லா இருக்கும்.

— ஏன் சிஸ்டர்? டெஸ்ட் எடுத்தது நீங்கதானே?

— பாப்பா, இரு. சிஸ்டர், நான் ஒண்ணு சொல்றேன், எழுதிக்குங்க. அது நடக்கல. மூணு நாளும் இல்ல, தாடியும் இல்ல. பொழுது போகாத கிழவன் சும்மா அளந்து விட்டேன். இனிமே பால்காரர்கிட்டகூடச் சொல்ல மாட்டேன். இல்லைன்னு ஒரு டிக்கைப் போட்டு, சீலைக் குத்தி, சாவியோட என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்க.

— நிஜமாவாப்பா? அந்தக் குரலும் பொய்யா?

— ம்.

— என்னப்பா, முகம் இப்படிப் போகுது?

— குரல் பொய்யின்னு சொல்லத்தான் வாய் வரல பாப்பா. ஆனா உனக்காகச் சொல்றேன். பொய்தான். போடுங்க சிஸ்டர். முதல் நாளே உங்களுக்கு எதுக்குச் சங்கடம்?

— அக்கா, உக்காருங்க.

— டிக் போட்டுட்டீங்களா?

— இல்ல. ஐயா பொய் சொல்றார். இப்போதான் சொல்றார், இவ்வளவு நேரம் சொல்லல. அன்னைக்கு மருந்துத் தட்டுல பதினொண்ணுன்னு எழுதின கப்புல தூக்க மாத்திரை இருந்துச்சு, ஸ்கேனுக்குப் பயப்படறவருக்கு. கட்டில் நம்பர் சரியாத்தான் போச்சு. ஆளோட பேரைத்தான் கேக்கல. வலி ஊசியும் போட்ட உடம்பு. அதுவும் இதுவும் சேந்து ஆளைச் சாச்சுடுச்சு. பெரிய சிஸ்டர்கிட்டகூட யாரும் சொல்லல. சார்ட்டுல “நன்றாக ஓய்வெடுக்கிறார்”னு எழுதியாச்சு.

— என்ன சொல்றீங்க? எனக்குப் போன்ல சொன்னதும் அதேதானே?

— அதேதான்.

— சிஸ்டர், உங்க குரல்... கொஞ்சம் இருங்க. பேனாவைக் கீழ வையுங்க. எனக்கு ஒண்ணும் ஆகல, கல்லு மாதிரி இருக்கேன். எழுதாதீங்க.

— எழுதணும்ங்கய்யா. இந்த சீலுக்கு இதுவே முதல் நாளும் கடைசி நாளுமா இருந்தாலும் எழுதணும். எட்டு மாசமா நம்பரைத் தப்பாப் பாத்துட்டேன்னு... சரி, அது இருக்கட்டும்.

— தப்பாப் பாத்துட்டேன்னா? யாரு பாத்தது? வார்டுக்குள்ள நடந்த இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

— மூணு நாள் இல்லக்கா, பத்தொம்பது மணி நேரம். மத்தபடி ஐயா சொன்னதெல்லாம் அப்படியே நடந்துச்சு. நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுன்னு எண்ணினதும், எட்டோட நின்னப்போ அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுததும் நான்தான்.