கலர் அக்கா திறந்துவைத்த அறை

மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாகி அவர்களே, சங்கத் தோழர்களே, தாங்க முடியாத துயரத்தோடு முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவரே, மகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நம் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுத்தவர் நம் அக்கா. கதறிக்கொண்டு பேசுகிறவர்களிடம் நிதானமாக முகவரி கேட்டு வாங்கியவர். அந்தக் கதறலையெல்லாம் அவர் எங்கே கொண்டுபோய் இறக்கி வைத்தார்? பழைய டயர்கள் கிடந்த ஓர் அறையில். அதைக் கூட்டிப் பெருக்கி, மேசை போட்டு, கலர் பென்சில்களோடு உட்கார்ந்தார். வேலை முடிந்ததும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பார், பிறகு வரைவார்.

"என்னக்கா, எல்கேஜில சேந்துட்டீங்களா?" என்று ஓட்டுநர்கள் கேலி பேசினார்கள்.

"ஆமாப்பா, இன்னும் அட்மிஷன் நடக்குது" என்பார். கலர் அக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

ஒருநாள் நம் ஓட்டுநர் ஒருவரின் வண்டியில், போகும் வழியிலேயே ஒரு குழந்தை இறந்துபோனது. அவர்மீது எந்தத் தவறும் இல்லை. ஆனால் அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்கியது. வேலையை விட வந்தவரை அக்கா அந்த அறைக்குள் கூப்பிட்டு, ஓர் இலையை முன்னால் வைத்தார்.

"எனக்கு வரைய வராதுக்கா."

"வர வேணாம். இலைய மட்டும் பாரு. கண்ணு போற பக்கம் பென்சில் போகட்டும். மனசு வேற எங்கயாச்சும் ஓடும். ஓடட்டும், திட்டாத. மூச்சக் கவனிச்சுட்டு மெதுவா திரும்பி வா."

அன்று அவர் வரைந்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் வந்தார். ஒரு மாலை, பாதி இலையில் பென்சிலை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதார். அக்கா தடுக்கவில்லை. மனநல மருத்துவரிடமும் கூடவே போனார். "கை உடைஞ்சா கட்டுப் போட மாட்டோமா?" என்று கேட்டுத்தான் கூட்டிப் போனார். சில மாதங்களில் அந்தத் தம்பி மறுபடி வண்டி எடுத்தார்.

சென்ற மாதம் அக்கா வேலையில் இருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். வாசலில் நின்றது யார் வண்டி? அந்தத் தம்பியின் வண்டி. நடுங்காத கைகளோடு ஓட்டினார். சீக்கிரம் கொண்டுவந்ததால்தான் மூன்று வாரமாவது கிடைத்தது என்றார் மருத்துவர். அது என்ன குறைவா? அந்த நாட்களில் தாயும் மகளும் ஒரே தாளில் படம் வரைந்தார்கள். கணவர் அவர் பக்கத்திலேயே இருந்து, பேச நினைத்ததையெல்லாம் பேசினார்.

தோழர்களே, கலர் அக்கா ஓவியர் இல்லை, துறவியும் இல்லை. நம்மைப் போல அலுத்துச் சலித்து வேலை பார்த்தவர்தான். ஆனால் மனபாரத்தோடு ஒருவரும் தனியாக வீட்டுக்குப் போகக் கூடாது என்று நினைத்தார். அதை நாம் விட்டுவிட மாட்டோம். அந்த அறையில் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று நிர்வாகி அவர்கள் வாக்குக் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை முதல் அந்த ஓட்டுநர் தம்பியே அதை நடத்துவார்.

இன்று காலை அக்காவின் மகள் என்னிடம், "நானும் வரலாமா மாமா?" என்று கேட்டாள்.

வாம்மா. உங்க அப்பாவையும் கூட்டிட்டு வா.