அய்யனாருக்குக் கண் கூசும்

உட்காருங்கள் ஆச்சி, ஃபேனைப் போடுகிறேன். எனக்குப் பொட்டலம் கட்ட நன்றாக வரும். யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றி முதலில் அதைத்தான் சொல்வார்கள். எல்லாக் கடையிலும் கவர் வந்த பிறகும் நான் காகிதத்தில்தான் கட்டுகிறேன். கால் கிலோ துவரம்பருப்பை நான் கட்டிக் கொடுத்தால், நேமத்தான்பட்டி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனாலும் ஒரு பருப்பு கீழே சிந்தாது.

நீங்கள் சென்னையிலிருந்து வந்து இறங்கியதுமே கேள்விப்பட்டேன். உங்கள் அப்பச்சி படித்த பள்ளிக்கூடமாயிற்றே என்று கபடித் திடலுக்கு விளக்குக் கம்பங்கள் வாங்கி அனுப்பினீர்கள். அய்யனார் வேண்டாமென்று சொல்லிவிட்டார். கம்பங்கள் உங்கள் வீட்டு வளவில் சாக்குச் சுற்றியபடி கிடக்கின்றன. "நான் கொடுத்தது சாமிக்கு ஆகலையே, இந்த உமையாள் கையில என்ன குறையோ" என்று சமையல்காரம்மாவிடம் சொல்லி அழுதீர்களாம். கேட்டதும் எனக்குச் சங்கடமாகப் போயிற்று. உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. சாமி உங்களை ஒன்றும் சொல்லவில்லை. சாமி யாரையுமே ஒன்றும் சொல்லவில்லை. என் மகள் பிரியா சாப்பிடப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

விளக்கு வேண்டும் என்று முதலில் கேட்டதே அவள்தான். பெண்கள் அணிக்குக் கேப்டன். காரைக்குடியில் ஒரு போட்டிக்குப் போனார்கள். அங்கே சுற்றிலும் விளக்குப் போட்டு ஆட விட்டிருக்கிறார்கள். நாலு பக்கமும் வெளிச்சம் அடித்தால் ஒரு ஆளுக்கு நாலு நிழல் விழும் இல்லையா. எங்கள் பிள்ளைகள் எது கால், எது நிழல் என்று தெரியாமல் பாய்ந்து பாய்ந்து நிழலைப் பிடித்துவிட்டுத் தோற்று வந்தார்கள். தை மாதம் மாநில அணிக்கு ஆள் எடுப்பதாக இருந்தது, அதுவும் விளக்கு வெளிச்சத்தில்தான். பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் முடியவே இருட்டிவிடுகிறது. பிரியாவுக்கு இது பிளஸ் டூ, அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். அதனால் விளையாட்டு டீச்சர் மாரீஸ்வரி உங்களுக்குப் போன் போட்டார், நீங்களும் கம்பங்களை அனுப்பி வைத்தீர்கள்.

கம்பங்கள் வந்து இறங்கிய அன்றைக்கே ஊர் இரண்டாகிவிட்டது. திடலை ஒட்டி வயல் வைத்திருக்கும் செம்மலை அண்ணன்தான் முதலில் எழுந்தார். "பொழுதன்னைக்கும் வெளிச்சம் அடிச்சா நெல்லு எப்பத் தூங்கும், எப்பக் கதிரு வாங்கும்?" என்றார். அதில் நியாயம் இருக்கிறது. விளக்குக் கம்பத்தடியில் பயிர் பச்சையாகவே நின்றுவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அய்யனார் குதிரையேறிக் காவலுக்குப் போகும் தடம் திடலுக்குக் குறுக்கேதான் போகிறது, குதிரைக்குக் கண் கூசும் என்று அடுத்ததைப் போட்டார்.

மாரீஸ்வரி டீச்சர் சும்மா இருப்பாரா. "அப்ப புரவியெடுப்புத் திருவிழாவுக்குக் கோயிலு பூராம் சீரியல் செட்டுப் போடுறீகளே, அன்னைக்குக் கூசலையா?"

"அன்னைக்குச் சாமி விசேஷத்துக்கு வர்றாரு தாயி. மத்த நாளு டூட்டியில இருக்காரு. டூட்டியில இருக்குற ஆளு மூஞ்சியில லைட் அடிப்பீகளா?"

பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்தடுத்த கூட்டங்களில் சிரிப்பு போய்ச் சண்டைதான் மிஞ்சியது. தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கு அண்ணன்காரன் போகவில்லை. டீக்கடையில் விளக்குக்காரர்கள் இங்குட்டு பெஞ்சு, இருட்டுக்காரர்கள் அங்குட்டு பெஞ்சு. இதில் விளக்குக்காக அதிகம் பேசியவன் நான்தான். பெண் பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்று நான் பேசியதைக் கேட்டு மாரீஸ்வரி டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. வேண்டுமானால் அவரையே கேட்டுப் பாருங்கள்.

கடைசியில் அய்யனாரிடமே கேட்டுவிடுவோம், பூக்கட்டிப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. வெள்ளை வந்தால் விளக்கு, சிவப்பு வந்தால் இருட்டு. யார் கட்டுவது என்று மறுபடியும் தகராறு. செம்மலை அண்ணன்தான் வழி சொன்னார். "முத்துக்கண்ணனே கட்டட்டும், அவன் கட்டுனா பிரியாது. எடுக்குறது எம் பேத்தி எடுக்கட்டும்." விளக்கு கேட்கிற ஆள் கட்டுகிறான், வேண்டாம் என்கிறவர் வீட்டுப் பிள்ளை எடுக்கிறது. இதற்கு மேல் என்ன நியாயம் வேண்டும் என்று எல்லாருக்கும் திருப்தி.

வெள்ளிக்கிழமை உச்சி வேளை. பூசாரி இருளாண்டி தட்டில் செவ்வரளியும் வெள்ளை அரளியும் வைத்துக் கொடுத்தார். நான் குதிரைச் சிலைக்குப் பின்னால் திரும்பி உட்கார்ந்தேன். கட்டும்போது யாரும் பார்க்கக் கூடாது, அதுதான் வழக்கம். வாழை இலைத் துண்டு இரண்டு. ஒன்றில் செவ்வரளி வைத்து நார் போட்டுக் கட்டினேன். இன்னொன்றிலும் செவ்வரளி வைத்து நார் போட்டுக் கட்டினேன். வெள்ளை அரளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து கடையில் சாமி படத்துக்கு வைத்தேன். கோயில் பூவைக் கீழே போடுவது பாவம்.

பிள்ளை ஒன்றை எடுத்தது. பிரித்தார்கள். சிவப்பு. மற்றதை எங்கள் ஊரில் பிரிக்க மாட்டோம். சாமி சொன்ன பிறகும் பிரித்துப் பார்த்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாகிவிடும். அதை ஊருணியில் போட்டுவிடுவோம். போட்டதும் நான்தான்.

இப்படி ஏன் செய்தேன் என்று நீங்கள் கேட்பது சரிதான். நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஊரில் சண்டை ஓய்ந்தது, அது ஒன்று. இன்றைக்கு டீக்கடையில் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். செம்மலை அண்ணன் வயல் கதிர் வாங்கிவிட்டது. இருட்டில் திடலில் பூச்சி பொட்டு கிடக்கும் என்றும் நினைத்தேன், விளக்குப் போட்டால் இருட்டே இருக்காது என்று பிறகு தோன்றியது. பெண் பிள்ளைக்குக் கையோ காலோ முறிந்தால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள். ஒரு தகப்பன் இதையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

இருளாண்டி விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் செம்மலை அண்ணனுக்கு மச்சான் முறை. அதனால் தட்டில் அவர்தான் ஏதோ வேலை செய்துவிட்டார் என்று விளக்குக்காரர்கள் கிளப்பிவிட்டார்கள். பூசாரித்தனத்தை வேறு பங்காளிக்கு மாற்றிவிட்டார்கள். பாவம், மனிதர் அய்யனார் முன்னால் சூடத்தை அடித்துச் சத்தியம் செய்தார். நானும் கூட்டத்தில்தான் நின்றிருந்தேன். அவருக்கும் முழங்கால் வலி, கோயில் படியேறவே சிரமப்படுவார். ஒரு வகையில் ஓய்வு கிடைத்தது. தைலம் வாங்கக் கடைக்கு வந்தால் நல்ல தைலமாகப் பார்த்துக் கொடுக்கிறேன். என்னிடம் மட்டும்தான் அவர் மனம் விட்டுப் பேசுகிறார்.

பிரியா நன்றாகவே தாங்கிக்கொண்டாள். பூ வந்த அன்றைக்கு அழவில்லை. சாயங்காலம் கையில் இருந்த முழங்கால் உறையை மடித்துக்கொண்டே, "டீச்சரு வேணாம்னா சண்டை போடலாம், ஊரு வேணாம்னாலும் போடலாம். சாமியே வேணாம்னா என்னப்பா செய்ய?" என்றாள். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். எல்லாம் நல்லதுக்குத்தான் ஆத்தா என்றேன். மற்றப் பிள்ளைகள் பகலிலாவது ஆடுவோம் என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள், இவள் போகவில்லை. தை மாதம் வந்தது, ஆளெடுப்பு நடந்தது. அன்றைக்கு முழுக்க இவள் இதே இடத்தில் உட்கார்ந்து கடலைப்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தாள். அய்யனார் கோயில் பக்கம் மட்டும் போவதில்லை. கடைக்கு வரும்போதுகூடக் கோயில் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு வருகிறாள். வயசுப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு ரோஷம் இருக்கும். போகப் போகச் சரியாகிவிடும்.

இதில் எனக்கு வேறு காரணம் இருந்தது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்லியிருப்பார்கள். அதையும் நானே சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

நான் ஆடிய காலத்தில் பள்ளத்தூர், ஆத்தங்குடி வரைக்கும் என் பெயர் முத்துக்கண்ணன் இல்லை, விலாங்கு. கபடி பாடிப் போனால் ஒருத்தன் கைக்கும் அகப்பட மாட்டேன். ஒரு தடவைகூட நடுக்கோட்டைத் தொடாமல் வந்ததில்லை. இந்தக் கடைக்குப் போர்டில் என்ன பெயர் என்று யாருக்கும் தெரியாது, விலாங்கு கடை என்றால் தெரியும். பிரியாவுக்கு ஆட்டம் கற்றுக் கொடுத்ததும் நான்தான். கால் வைப்பது, மூச்சை அடக்குவது, எல்லாம் என்னைப் பார்த்து வந்தது.

பூக்கட்டுவதற்கு முந்தின வாரம், ஞாயிற்றுக்கிழமை, மசங்கல் நேரம், வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. திடலில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள், ஊர் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "அப்பா, ஒருக்கா பாடி வாங்க. நான் பிடிக்கிறேன்" என்றாள். விளையாட்டுக்குத்தான். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். திரும்பும்போது அவள் என் கணுக்காலைப் பிடித்தாள். ஒரு கைதான். நடுக்கோடு எட்டிவிடும் தூரத்தில் இருந்தது. விரலை நீட்டுகிறேன், நீட்டுகிறேன், கோடு வரவில்லை. மூச்சு விட்டுப் போயிற்று. மாரீஸ்வரி டீச்சர் விசில் ஊதினார். "விலாங்கு கருவாடாப் போச்சுடோய்" என்று செம்மலை அண்ணன் கத்தினார், திடலே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். அவள் கையைக் கொடுத்து என்னைத் தூக்கிவிட்டாள். "வலிச்சுச்சாப்பா? நான் மெதுவாத்தான் பிடிச்சேன்" என்றாள்.

அவ்வளவுதான் ஆச்சி. அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெற்ற பிள்ளை ஜெயித்தால் எந்தத் தகப்பனுக்குத்தான் கசக்கும். உங்கள் மனம் ஆறிவிட்டது இல்லையா, அதுதான் எனக்கு வேண்டியது. பிரியா வந்துகொண்டிருக்கிறாள், அவளிடம் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம். சாமி மேல் உள்ள நம்பிக்கை போய்விடும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அவள் பிடித்து நான் விழவில்லை, மண் ஈரமாக இருந்தது, கால் வழுக்கிவிட்டது. யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. திடலில் ஒரு விளக்கு இருந்திருந்தால் எல்லாரும் பார்த்திருப்பார்கள்.