ஒரு வரித் திருத்தம்

எனக்கு மேசை சுத்தமாக இருக்க வேண்டும், சார். கீபோர்டைக்கூட அடிக்கடி கவிழ்த்துத் தட்டிவிடுவேன். அதனால் அலுவலகத்தில் எனக்கு விளக்குமாறு என்று பெயர். வைத்தவர் என் அக்கா வீட்டுக்காரர். கம்பெனி முதலாளியும் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் சொட்டுமருந்து எவ்வளவு இறங்கவேண்டும் என்று கணக்குச் சொல்லும் புரோகிராம் எங்களுடையது. முழுவதையும் நாங்களே எழுதுவதில்லை. யார் யாரோ எழுதிய துண்டுகளை, பேக்கேஜ் மேனேஜர் என்ற ஒன்று வெளியிலிருந்து இறக்கி அடுக்கித் தரும். அப்படி வந்த துண்டு ஒன்றில் கோளாறு. நோயாளியின் எடை ஐந்து கிலோவுக்குக் கீழே போனால் மருந்தைப் பத்து மடங்காகச் சொல்லும். கண்டுபிடித்தவன் நான். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் இறங்கியிருந்த அந்தத் துண்டைத் திறந்து அங்கேயே ஒரு வரியைத் திருத்தினேன். அவசரத்துக்கு எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அந்தத் திருத்தம் வேறெங்கும் இருக்காது. எல்லாவற்றையும் அழித்து மறுபடி இறக்கினால் பழைய கோளாறே வந்து உட்காரும்.

இந்தத் திருத்தத்தை முறைப்படி புரோகிராமிலேயே சேர்த்துவிடலாம், என் பெயரும் அதில் இருக்கட்டும் என்று கூட்டத்தில் அத்தானிடம் கேட்டேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "விளக்குமாத்துக்குப் பட்டுக் குஞ்சமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டில் வாய் கொப்பளித்தபோது ரத்தம் வந்தது. கன்னத்தை உள்ளுக்குள் கடித்திருக்கிறேன்.

பிறகு ஒருநாள் அந்த ஆஸ்பத்திரியில் இறக்கிய துண்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு திரை உறைந்துவிட்டது. என்னைத்தான் அனுப்பினார்கள். வார்டிலிருந்து அத்தானுக்குப் போன் செய்தேன்.

"எல்லாம் உன் கைவரிசைதான். ஒண்ணு விடாம அழிச்சிட்டுப் புதுசா இறக்கு. மூளையைக் கழட்டி வச்சிட்டு சொன்னதைச் செய்."

"ஒண்ணு விடாமயா, அத்தான்?"

"தமிழ்லதானே சொல்றேன்?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நர்ஸும் கேட்கட்டும் என்றுதான்.

எதிரே கண்ணாடிப் பெட்டியில் ஒரு குழந்தை. அட்டையில் எடை இரண்டரைக் கிலோ என்றிருந்தது. அதன் அம்மா கண்ணாடியில் கன்னத்தை வைத்தபடி கண்ணயர்ந்திருந்தாள். அட்டையைப் படித்துவிட்டுத்தான் என்டரைத் தட்டினேன். பழையதெல்லாம் போய்ப் புதிய துண்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. என் வரியை மறுபடி எழுத ஒரு நிமிடம் போதும். மூளையைக் கழற்றி வைக்கச் சொல்லியிருந்தார்.

"சரியாயிடுச்சா தம்பி?" என்றார் நர்ஸ்.

"புதுசு மாதிரி ஆயிடுச்சு, சிஸ்டர்."

அதில் பொய் இல்லை. அவர் அந்தக் குழந்தையின் எடையைத் தட்டத் தொடங்கினார். நான் ஒயரைச் சுருட்டிப் பையில் வைத்து, மேசையையும் துடைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அத்தானை உள்ளே வைத்துவிட்டீர்கள் என்று அக்கா அழுகிறாள். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, சார். அந்த ஒரு வரி இத்தனை நாளாக என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அதை எழுதியது யார் என்று உங்கள் அறிக்கையில் வரும் இல்லையா? என் பெயரைப் பிழையில்லாமல் போடச் சொல்லுங்கள்.