மடியை விட்டு எழுந்த பூனை

நம் மாஸ்டர் பாடம் நடத்திக்கொண்டே இறந்துபோனார். எதிரே உட்கார்ந்திருந்த எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

மேடையில் இருக்கும் பெரியவர்களே, மாஸ்டரின் குடும்பத்தாரே, அவரிடம் உதை வாங்கி ஆளான மாணவர்களே! நான் பயறு வியாபாரி. அலங்காரமாகப் பேச வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

என் கிடங்குக்கு மேலே நான் வாடகைக்கு விட்ட மாடிதான் அவருடைய தற்காப்புக்கலைப் பயிற்சிக்கூடம். செவ்வாய்க்கிழமை காலை பல்லிப் பாடம். பூச்சிக்குக் காத்திருக்கும் பல்லியைப்போல் கண்ணைத் திறந்தபடி அசையாமல் உட்கார வேண்டும். சுவரோரம் தன் பாயில் உட்காரும்போது, கடைசி வரிசையில் இருந்த என்னைப் பார்த்து, "பார்த்துக்கோங்க" என்றார். முதுகுவலிக்காகச் சேர்ந்தவன் நான். ஒழுங்காகக் கவனி என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் மடியில் அவருடைய பூனை படுத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அது எழுந்தது. எதிர்ச்சுவருக்குப் போய், திரும்பி உட்கார்ந்து, அவரையே பார்த்தது. நாங்களும் பார்த்தோம். என்ன ஒரு அசையாமை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டோம்! சுவரில் இறங்கிக்கொண்டே வந்த வெயில் அவருடைய திறந்த கண்ணில் விழுந்தது. இமை அசையவில்லை. அப்போதும் நாங்கள் மெச்சிக்கொண்டுதான் இருந்தோம். அவர் மகள்தான் எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்தார்.

பூனைக்குத் தெரிந்தது நமக்கு ஏன் தெரியவில்லை? இதைத்தானே அவர் ஆயுள் முழுக்கக் கேட்டார்!

கிடங்கில் எலி மூட்டையைக் கடித்துவிட்டது என்று நான் கத்தினால், "திட்டாதீங்க அண்ணே, கத்துக்கோங்க. வெளியே வர வழி பார்க்காம அது எந்த இடத்துக்குள்ளயும் போகாது" என்பார். "என் பயறைத் தின்னுட்டு எனக்கே பாடம் எடுக்குதா?" என்பேன். ஆனால் அந்த வருஷம் ஒரு கூட்டு வியாபாரத்தில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தேன். உள்ளே போனவர்கள் இன்னும் வெளியே வரவில்லை.

ஒருமுறை பணப்பையோடு போகும்போது அவரைத் துணைக்குக் கூட்டிப்போனேன். சந்தில் இரண்டு பேர் கத்தியோடு வழிமறித்தார்கள். மாஸ்டர் பாய்ந்து அடிப்பார் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? என் கையிலிருந்த பையைப் பிடுங்கி, அவர்கள் காலடியில் வீசிவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்!

"இதுக்குத்தானா இத்தனை வருஷம் கையைக் காலை ஆட்டுனீங்க?"

"வாலை விட்டுட்டு வந்ததுக்குப் பல்லி வெட்கப்படுமா அண்ணே? வால் முளைச்சிடும்."

முளைத்தது. இன்று வேறு பணப்பையும் இருக்கிறது, நானும் இருக்கிறேன். அவர் இல்லை.

இனி, ஒளிக்காமல் ஒன்று சொல்கிறேன். அடக்கம் முடிந்து திரும்பும்போது மகள் கேட்டார்: "மாமா, கூடத்தை மூடிடாதீங்க. நான் நடத்துறேன்." "பார்க்கலாம்மா" என்றேன். வியாபாரி வாயில் பார்க்கலாம் என்று வந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். டயர் வியாபாரி ஒருவர் அந்த மாடியை வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நேற்று மத்தியானம் அவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

பூனை அதே எதிர்ச்சுவரோரம் உட்கார்ந்திருந்தது. நாங்கள் இருவரும் அறையின் நடுவில் நிற்கிறோம். பூனையின் தலை வாசற்பக்கமிருந்து மெல்லத் திரும்புகிறது. ஒரு ஆள் நடக்கும் வேகம். அதன் பார்வை எங்களைத் தாண்டி, சுவரோரப் பாய்வரை வந்து, அங்கே இறங்கி நின்றது. மாஸ்டர் வந்து உட்காரும்போது அப்படித்தான் பார்க்கும்.

டயர்க்காரர் குரலைத் தாழ்த்தினார். "இங்க வேற யாராச்சும் இருக்காங்களா?"

"பூனைதான்."

"பூனை தெரியுது அண்ணே. அது யாரைப் பார்க்குது?"

விலைகூடக் கேட்காமல் அவர் படியிறங்கிவிட்டார். நான் நின்றேன். பயமில்லை என்று சொன்னால் பொய். அப்போதுதான் அந்த வார்த்தை காதில் விழுந்ததுபோல் இருந்தது. பார்த்துக்கோங்க! கவனி என்றா சொன்னார்? கவனித்துக்கொள் என்று அல்லவா சொல்லியிருக்கிறார்! பல்லியையா, பூனையையா? கூடத்தை! பெண்ணை! உங்களை எல்லாம்!

மாஸ்டர், பார்த்துக்கொள்கிறேன். இந்தச் சபைமுன் சொல்கிறேன், பார்த்துக்கொள்கிறேன்.

இன்று காலை மகளோடு பேசி முடித்துவிட்டேன். கூடம் அவருக்கு. வாடகை பழைய வாடகைதான், அவர் நடத்தும்வரை ஏறாது. பூனைக்குப் பால் என் பொறுப்பு. பல்லிப் பாடத்தில் உட்காருபவர் யாராக இருந்தாலும் நடுநடுவே ஒரு வார்த்தை பேச வேண்டும். இது நான் கேட்டது, அவர் ஒப்புக்கொண்டார். சுவரோரம் அந்தப் பாய் அளவு இடத்துக்கு மட்டும் வாடகையைக் கழித்துவிட்டேன். காலியாகாத இடத்தை நான் வாடகைக்கு விடுவதில்லை.